தலை மட்டும் எஜமானியம்மாவுடையது

“தாய் மாதிரி பாரும்மா! தாய் மாதிரி! மூட்டைய மடியில வச்சிருக்கறவ மாதிரி பாக்கறியே!”

தூரிகையோடு நின்ற தர்க்கெல் ஐயா அன்று காலையிலிருந்து இதைப் பதினோராவது முறையாகச் சொன்னார். கெசையா பிளக்ரோஸ் எண்ணிக்கொண்டே இருந்தாள். மேடைமேல் நாற்காலி, நாற்காலியில் அவள், அவள் மடியில் ஐயாவுடைய ஐந்து மாதப் பெண் லெட்டிஸ். உடம்பில் எஜமானியம்மாவின் நீலப் பட்டு கவுன். எஜமானியம்மா ஒல்லி. கெசையா பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உடம்புக்காரி. முதுகில் கொக்கி எட்டவில்லை என்று சமையற்காரி பிரிசில்லா நாடா கோத்து இழுத்துக் கட்டியிருந்தாள். நிமிர்ந்து மூச்சு விட்டால் தையல் பிரிந்துவிடும். இந்த லட்சணத்தில் தாய் மாதிரி பார்க்க வேண்டுமாம்.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் அப்போது தாயும் சேயும் படத்துக்கு அப்படியொரு மவுசு. மகாராணியே ஒன்பது பெற்றவள். கடைக் கண்ணாடியில், பத்திரிகையில், டாக்டர் வீட்டு வரவேற்பறையில், எங்கே திரும்பினாலும் ஒரு தாய், ஒரு தொட்டில், ஒரு விளக்கு. தர்க்கெல் ஐயா ஆறு வருடம் குதிரையும் கோட்டையுமாக வரைந்து தள்ளி, ஒருத்தரும் திரும்பிப் பார்க்காமல் போனவர். மகள் பிறந்ததும் அவருக்கு வழி தெரிந்துவிட்டது. பெண்டாட்டியையும் பிள்ளையையும் வரைந்து கோடைக் கண்காட்சிக்கு அனுப்பப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். படத்துக்குப் பெயர்கூட வைத்தாயிற்று: ‘அவளுடைய உலகம்’.

அந்த ‘அவள்’, அதாவது கிளமென்சி அம்மா, மேடையில் உட்கார்ந்தது மொத்தமே இரண்டு நாள். குழந்தை அவள் மடிக்கு வந்ததும் வீல் என்று கத்தியது. கத்தாமல் என்ன செய்யும்? தினமும் மாலை ஐந்து மணிக்கு முகம் துடைத்து, லேஸ் வைத்த சட்டை மாட்டி, அரை மணி நேரம் கீழே கொண்டுபோய்க் காட்டுவார்கள். அதற்குமேல் அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் பழக்கம் கிடையாது. மூன்றாம் நாள் அம்மா, “இதுக்கு என்னைக் கண்டாலே ஆகல. என் தலைய அப்பறமா வரைஞ்சுக்கோங்க,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள். கவுன் கெசையாவிடம் வந்தது. தலை அம்மாவுடையது, மற்றதெல்லாம் கெசையா என்று ஏற்பாடு.

கெசையா ஆற்றுக்கு அந்தப்பக்கம், லாம்பெத் சந்துக்காரி. சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவள். அங்கே வாங்கிய சூடு ஒன்று வலது கட்டைவிரலில் பிறை மாதிரித் தழும்பாக நின்றுவிட்டது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கணவன் கரிப்படகிலிருந்து ஆற்றில் விழுந்தான்; உடல்கூடக் கிடைக்கவில்லை. பிள்ளை ஜேபெஸுக்கு மூன்று மாதம் ஆனபோது இந்த வீட்டுக்குப் பால் கொடுக்க ஆள் தேடினார்கள். டாக்டர் அவள் பல்லைப் பார்த்தார். மார்பைப் பார்த்தார். பாலை ஒரு ஸ்பூனில் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். கடைசியில் ஜேபெஸையும் புரட்டிப் பார்த்தார். கொழுகொழுவென்று இருந்தான். “நல்ல பால்,” என்று சொல்லிவிட்டு, அந்தப் பாலை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

வீட்டுச் சட்டம் இது: பால் கொடுக்கிறவள் தன் பிள்ளையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சந்திலிருந்து நோயைக் கொண்டுவருவாளாம், பாலைத் திருடித் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவாளாம். சொந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதற்குப் பெயர் திருட்டு! வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள். பால் ஊற வேண்டும் என்று மதியம் ஒரு குவளை கறுப்பு பீர் மட்டும் தவறாமல் கொடுத்தார்கள். ஜேபெஸ் பக்கத்து வீட்டு ஹன்னாக்காவிடம் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரே ஒரு மணி நேரம் விட்டார்கள். இப்போது மார்ச் முடியப்போகிறது.

போன வாரம் காய்கறிக்காரன் மூலம் ஹன்னாக்கா சேதி அனுப்பியிருந்தாள். “பையன் ரொம்ப சாது. நாள் பூரா தூங்கறான். கவலப்படாத.”

கெசையா அவனை அதை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஜேபெஸ் சாதுவா? பசித்தால் தெருவைக் கூட்டுகிற பிள்ளை. எட்டு மாதக் குழந்தை எதற்கு நாள் பூராவும் தூங்குகிறது? அவளுக்குத் தெரியும். அந்தச் சந்தில் எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்கிற புட்டிதான், அழுகிற பிள்ளை வாயில் ஒரு சொட்டு விடுகிற அபின் கலந்த மருந்து. தூங்கும் பிள்ளை பால் கேட்காது. கேட்காத பிள்ளை இளைக்கும். அப்படி இளைத்துப்போன பிள்ளைகளை அந்தச் சந்தில் அவள் பார்த்திருக்கிறாள்.

அன்று மதியம் அம்மாவிடம் போய் நின்றாள். “அரை நாள் போதும்மா. ஒரு பார்வை பாத்துட்டு ஓடி வந்துடறேன்.”

“டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காரே பிளக்ரோஸ். படம் வேற முடியணும். ஏப்ரல் கழியட்டும், பாக்கலாம்.”

“ஏப்ரல்ல அவன் இருக்கணுமேம்மா.”

“ஏன் இப்படி அபசகுனமாப் பேசற? பாலுக்கு ஆகாது. போய் பீரைக் குடி.”

கெசையா படிக்கட்டில் இறங்கிவந்து அந்த பீரை அங்கணத்தில் கொட்டினாள்.

“அடியே, அது என்னடி பாவம் பண்ணிச்சு? உனக்கு வேணாம்னா எங்கிட்டக் குடுத்திருக்கலாம்ல,” என்றாள் பிரிசில்லா.

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை கெசையாவுக்கு. மறுபடி நீல கவுன், மறுபடி மேடை. தர்க்கெல் ஐயா தூரிகையைத் தூக்கி எறிந்தார். இவர் ஒரு மாதிரி ஆள். கண்ணால் கண்டதைத்தான் வரைவேன், கடவுள் படைத்ததில் ஒரு இழையைக்கூட மாற்றமாட்டேன் என்று சபதம் எடுத்த கூட்டத்தைச் சேர்ந்தவர். ஐவிக் கொடியின் இலையில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால், ஓட்டையையும் வரைவார். அப்பேர்ப்பட்டவர் கண்ணெதிரே இருந்ததோ பிள்ளையைக் கடனே என்று பிடித்திருக்கிற இரண்டு கைகள்.

“முகம் போகட்டும், முகத்தைத்தான் மாத்தப்போறேன். கை? உன் கை விறைச்சு நிக்குதே! கை பொய் சொல்லுதும்மா! அனுப்ப ஒன்பது நாள்தான் இருக்கு!”

கெசையாவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஐயா, இது எம் பிள்ள இல்ல. நல்ல பிள்ளதான், என் பால் குடிச்ச பிள்ளதான், அடிச்சுக் கேட்டாலும் அவ்வளவுதான் வரும். தாய்ப்பிடி வேணும்னா எம் பிள்ளையக் கொண்டாங்க. அவனப் பிடிக்கறேன், பாருங்க. இல்லைன்னா இந்தக் கவுனை நீங்களே போட்டு உக்காந்துக்கங்க.”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலை போயிற்று என்றே நினைத்தாள். ஆனால் ஐயா அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்மா வர்ற வாரம் பூரா தங்கச்சி கல்யாணத் துணி எடுக்க காலையில போயிடுவா,” என்றார் மெதுவாக. “பின்வாசல் வழியா வரட்டும். பால் மட்டும் குடுக்கக் கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா என்னையும் சேத்து வெளிய தள்ளிடுவா.”

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஹன்னாக்கா பின்வாசலில் வந்து நின்றாள். சால்வைக்குள் ஏதோ இருந்தது. கெசையா ஓடிப்போய்ப் பிரித்துப் பார்த்தாள். எட்டு மாதப் பிள்ளை, ஐந்து மாத லெட்டிஸ் அளவுதான் இருந்தான். முகத்தில் கண் மட்டும்தான் பெரிதாக இருந்தது.

“என்னக்கா பண்ணி வச்சிருக்க எம் பிள்ளைய?” என்று கத்திவிட்டாள்.

“கத்தாதடி. எனக்கு நாலு இருக்கு, அதோட உன்னது. ரொட்டியும் தண்ணியும் கரைச்சுக் குடுக்கறேன். குடிச்சாத்தானே? ராவெல்லாம் உம் மார்பைத் தேடி அலறுவான். நான் என்னத்தப் பண்ண? ஒரு சொட்டு விட்டேன், ஆமா விட்டேன். நீ இங்க பட்டு கவுன்ல நின்னுகிட்டுக் கேள்வி கேக்கற.”

  ஹன்னாக்கா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கெசையா பிள்ளைக்குக் கை நீட்டினாள். அவன் இந்தப் பட்டுக்காரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, முகத்தைத் திருப்பி, ஹன்னாக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பெற்றவளுக்கு அதைவிடக் கேவலம் வேறு உண்டா? மேலே மாடியில் மேடை காத்துக்கொண்டிருந்தது. “நேரமாகுது! வெளிச்சம் போகுது!” என்று ஐயா கூவினார்.

மேடையில் அவன் ஒரு மணி நேரம் அழுதான். ஐயா காதைப் பொத்திக்கொண்டு நடந்தார். கெசையா பாட்டுப் பாடவில்லை, கெஞ்சவில்லை. நாடாவைத் தளர்த்தி, அவனை நெஞ்சோடு அணைத்து, முதுகைத் தடவிக்கொண்டே, “திட்டு, நல்லாத் திட்டு, உங்கம்மா உன்ன விட்டுட்டுப் போனவதான்,” என்றாள். எப்போதோ அழுகை விக்கலாயிற்று. முகத்தை அவள் கழுத்தில் புதைத்து மோந்து பார்த்தான். பிறகு அவளுடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான்.

“அசையாத! அப்படியே! அப்படியே இரு!” ஐயா பைத்தியம் பிடித்தவர்போல வரைந்தார். லெட்டிஸ் தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். பாதி நேரம் போன பிறகு அவரே சொன்னார்: “இவனையே வச்சுக்கலாம். லெட்டிஸோட தொப்பியை இவனுக்குப் போடு. இந்த வயசுல எல்லாம் ஒரே முகம்தான், யாருக்குத் தெரியப்போகுது?”

எட்டு மாதப் பையன் ஐந்து மாதப் பெண்ணாக நடிக்கப் பொருந்தினான். ஏன் பொருந்தினான் என்று அவர் கேட்கவில்லை. கெசையா தொப்பியின் நாடாவை அவன் தாடைக்குக் கீழே கட்டினாள். அவர் தூரிகை கழுவப் போன நேரத்தில் திரைக்குப் பின்னால் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். திருட்டுதான். ஐந்து நாளும் திருடினாள். வெள்ளிக்கிழமை ஹன்னாக்கா சால்வையைப் பிரித்ததுமே ஜேபெஸ் கெசையாவைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டினான். கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது.

அன்று மதியம் ஐயா தூரிகையை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார். “முடிஞ்சுது! நாளைக்கு அவ தலைய வச்சுட்டா ஆச்சு. பையன இனிமே கூட்டிட்டு வர வேணாம்.”

“ஐயா, பால் குடிச்சு இப்பத்தான் தேறறான். நிறுத்தினா—”

“பால் குடுத்தியா? குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே! சரி, நான் கேக்கல, நீ சொல்லல. படத்துக்கு வந்தான், படம் முடிஞ்சுது. நான் வேற என்ன வாக்குக் குடுத்தேன்?”

வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லைதான்.  பின்வாசலில் கெசையா பிள்ளையை ஹன்னாக்காவிடம் கொடுக்கும்போது அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

கண்காட்சிக்குப் படத்தை அனுப்புவதற்கு முந்தைய ஞாயிறு, ஓவியர்கள் எல்லாரும் வீட்டைத் திறந்து வைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவது வழக்கம். தர்க்கெல் வீட்டிலும் மூன்று மணிக்கே வண்டிகள் நின்றன. தேநீர், எள்ளுருண்டை அளவில் கேக்குகள், பட்டுப் பாவாடைகளின் சரசரப்பு. படம் நடுவில் தங்கச் சட்டத்தில் நின்றது. நீல கவுன், அதன்மேல் கிளமென்சி அம்மாவின் அழகான தலை, மடியில் தொப்பி போட்ட பிள்ளை. அம்மா பத்துத் தடவை பார்த்துவிட்டாள். பத்துத் தடவையும் தன் முகத்தைத்தான் பார்த்தாள்.

“எங்க குட்டி லெட்டிஸ்! அவ தூங்கற அழகப் பாருங்களேன், அப்படியே உரிச்சு வச்சிருக்கார்,” என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவள்தான், ஆனால் தூங்குகிற லெட்டிஸை அவள் எப்போது பார்த்தாள்?

நிஜ லெட்டிஸைக் கொண்டுவரச் சொன்னார்கள். கெசையா கொண்டுவந்தாள். அம்மா எல்லார் முன்னாலும் வாங்கிக்கொண்டாள். லெட்டிஸ் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினாள். யாரோ லேசாகச் சிரித்தார்கள். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. பிள்ளையைக் கெசையாவிடம் திணித்தாள்.

“நீ பிடிக்கற லட்சணத்துலதான் இது இப்படி ஆயிடுச்சு, பிளக்ரோஸ். அந்தப் படத்தப் பாரு. ஒரு தாய் எப்படிப் பிடிப்பான்னு பாத்துக் கத்துக்க.”

கெசையா பல்லைக் கடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, ஐயாவின் பெரியம்மா ஒருத்தி, மூக்குக்கண்ணாடியைப் படத்தோடு ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பினாள்.

“கிளமென்சி, உன் கட்டவிரல்ல எப்படிம்மா சுட்டுக்கிட்ட? பிறை மாதிரி பெரிய தழும்பா இருக்கே!”

அம்மா சிரித்துக்கொண்டே தன் கையைத் தூக்கிக் காட்டினாள். வெண்ணெய் மாதிரி இருந்தது விரல். எல்லார் கண்ணும் படத்துக்குப் போயிற்று, அவள் கைக்குப் போயிற்று, கடைசியில் லெட்டிஸின் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்த கெசையாவின் வலது கைக்கு வந்தது. இழையைக்கூட மாற்றமாட்டேன் என்று சபதம் எடுத்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விரலை மடக்கி மறைத்திருக்கலாம். மறைத்தால் வேலை இருக்கும், கூலி இருக்கும், ஏப்ரல் கழிந்து பார்க்கலாம். கெசையா விரலை மடக்கவில்லை.

அம்மா படத்துக்குக் கிட்டே போனாள். இந்தத் தடவை தன் முகத்தைப் பார்க்கவில்லை. மடியைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். “அந்தக் குழந்தை?” என்றாள்.

“என்னுதும்மா. கையும் என்னுது, பிள்ளையும் என்னுது. அவனுக்கு எட்டு மாசம். உங்க பிள்ள வயசு மாதிரி இருக்கான்னா, அவன் பாலைத்தான் இது குடிச்சுது.”

 கெசையா லெட்டிஸை அம்மாவின் கையில் வைத்தாள். அம்மாவின் இடது கையைப் பிடித்துப் பிள்ளையின் கழுத்தடியில் கொண்டுபோய் வைத்தாள். “தலைக்கு இப்படி. நெஞ்சோட சேத்து. அவ்வளவுதாம்மா, வேற வித்தை ஒண்ணும் இல்ல.” சொல்லிவிட்டுத் தன் வேலைக்காரத் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். படியிறங்கும்போது மேலே லெட்டிஸ் அழுத சத்தத்துக்கு அவள் ரவிக்கை பாலில் நனைந்தது. அவளுக்கு அதிலும் ஆத்திரம்தான்.

லாம்பெத்தில் ஹன்னாக்கா ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். “வந்துட்டியா? அந்தப் புட்டிய நீயே சாக்கடையில ஊத்து. எனக்கு மனசு வரல,” என்றாள்.

மூன்றாம் நாள், கெசையா வாசலில் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது சந்துமுனையில் ஒரு வாடகை வண்டி நின்றது. அதற்கு முன்பே அழுகை கேட்டது, கம்மிப்போன, தீனமான அழுகை. கிளமென்சி அம்மா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தாள். தலை வாரவில்லை. கூட யாரும் இல்லை.

“புதுசா வந்தவகிட்டக் குடிக்கமாட்டேங்கறா. ரெண்டு நாளாச்சு. நான் சரியாத்தான் பிடிக்கறேன், நீ சொன்ன மாதிரிதான். ஆனாலும் எங்கிட்டப் பாலில்லையே பிளக்ரோஸ்!” என்றாள். அழுதுவிட்டாள்.

போ என்று சொல்லத்தான் கெசையா வாயைத் திறந்தாள். ஐந்து மாத ஆத்திரம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பால் அதற்குள் இறங்கிவிட்டது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு லெட்டிஸை வாங்கினாள். ஒரு பக்கம் ஜேபெஸ், ஒரு பக்கம் அவள். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே குடித்தன. அம்மா கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படம் நேத்து கண்காட்சிக்குப் போயிடுச்சு,” என்றாள். “தழும்பை அழிச்சிட்டார், ஒரு மத்தியானம் ஆச்சு. பிள்ளைய மாத்த நேரமில்லன்னுட்டார். இவன்தான் அங்க தொங்கப்போறான், என் மக பேருல.”

 கெசையா ஜேபெஸின் உச்சந்தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“இவன் பேரென்ன?” என்று கேட்டாள் அம்மா.

ஐந்து மாதத்தில் அந்த வீட்டு மனுஷர் ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை. வரைந்தவர்கூடக் கேட்கவில்லை. கெசையா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“ஜேபெஸ். இவன விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்மா. இப்பவே சொல்லிட்டேன்.”

அம்மா எழுந்து பாவாடைச் சேற்றைத் தட்டிவிட்டு, சந்துமுனையைப் பார்த்தாள்.

“வண்டியில இடமிருக்கு,” என்றாள்.